தெரியும், முடியும், -லாம்: ஸ்பானிஷில் எதற்கு எந்த வினை?

நீச்சல் குளத்தின் ஓரத்தில், கையில் மாவுக்கட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். "உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்கிறீர்கள். "தெரியும். ஆனா இப்ப முடியாது" என்கிறார். இந்தப் பேச்சில் நம் யாருக்கும் குழப்பமே வராது. தெரியும் என்றால் கற்றிருக்கிறார், முடியாது என்றால் இன்றைக்கு உடம்போ சூழ்நிலையோ இடம் கொடுக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தைகூட இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாது.

அதே பேச்சு ஸ்பானிஷில் இப்படிப் போகும். "சபெஸ் நதார்?" "ஸீ, பெரோ ஓய் நோ புவெதோ." தமிழ் எந்த இடத்தில் பிரிக்கிறதோ, ஸ்பானிஷும் அதே இடத்தில் பிரிக்கிறது. தெரியும் என்பதற்கு சபேர் என்ற வினை, முடியும் என்பதற்கு போதேர் என்ற வினை. ஆங்கிலத்தில்தான் இரண்டுக்கும் சேர்த்து கேன் என்ற ஒரே சொல்.

நம்மில் பலரும் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், ஆப் ஆங்கிலத்தில், யூடியூப் பாடமும் ஆங்கிலத்தில். அதனால் தமிழில் தெளிவாகப் பிரித்து வைத்திருந்ததை முதலில் கேன் என்று ஒன்றாகக் குழைக்கிறோம். அப்புறம் அந்தக் கேனை ஸ்பானிஷில் எப்படிப் பிரிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது இதுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே தமிழர்கள் ஸ்பானிஷை நேராகத் தமிழிலிருந்து படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எங்கே தமிழை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது, இரண்டு மூன்று வழிகள் இருக்கும் இடத்தில் எதை எடுப்பது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. கீழே வரும் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ்ச் சொல்லைப் போலவே படியுங்கள். சபேர் என்பதன் நடுவில் உள்ள ப, கோபம் என்பதில் வருவது. போதேர் என்பதன் நடுவில் உள்ள த, பாதம் என்பதில் வருவது. ஸ்பானிஷிலும் உயிரெழுத்துகளுக்கு நடுவே அந்த ஒலிகள் அப்படித்தான் இளகி வரும். ப்ப என்று இரட்டித்து எழுதிய இடத்தில் மட்டும் வல்லோசை.

சபேர், போதேர், இன்னும் இரண்டு

சபேர் லத்தீனில் சுவையைக் குறித்த வினையிலிருந்து வந்தது. இன்றைக்கும் அந்தப் பழைய பொருள் போகவில்லை. ஒரு ஐஸ்கிரீமை வாயில் வைத்துவிட்டு "சபே அ லிமோன்" என்றால் எலுமிச்சை ருசி வருகிறது என்று அர்த்தம். ஒன்றைச் சுவைத்துப் பழகியவருக்கு அது தெரியும் என்ற வழியில்தான் அறிவுக்கும் இந்த வினை வந்து சேர்ந்திருக்கிறது. சபேர் என்பது பழகிப் பெற்ற திறமை என்று மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. நீந்த, சமைக்க, வண்டி ஓட்ட, கிடார் வாசிக்க, தைக்க, இதற்கெல்லாம் சபேர்தான். பின்னால் வரும் வினையை நேராகச் சேர்த்தால் போதும், நடுவில் எந்த இணைப்புச் சொல்லும் வேண்டாம். சே நதார், எனக்கு நீந்தத் தெரியும். சே கொசினார், எனக்குச் சமைக்கத் தெரியும்.

வண்டி ஓட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் கொந்துசீர் என்பார்கள், லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் மனெஹார். டிரைவர் வேலைக்கு நேர்காணல் போகிறவர் "சே கொந்துசீர்" என்று சொல்ல வேண்டும். அங்கே "புவெதோ கொந்துசீர்" என்றால் ஓட்ட எனக்குத் தடை ஒன்றும் இல்லை என்ற அளவில்தான் நிற்கும், ஓட்டக் கற்றவரா என்பது அதில் வராது. ராத்திரி விருந்து முடிந்து நாலு பேர் கார் பக்கத்தில் நிற்கும்போது கதை மாறுகிறது. யார் ஓட்டுவது என்ற கேள்விக்கு, குடிக்காமல் இருந்தவர் "புவெதோ கொந்துசீர் யோ" என்பார். அவருக்கு ஓட்டத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இப்போது முடியும் என்பதுதான் செய்தி.

தமிழை அப்படியே நம்பினால் இங்கே ஒரு இடத்தில் கால் வழுக்கும். நாம் எனக்குத் தெரியும், என்னால் முடியும் என்கிறோம். நான் என்று தொடங்குவதில்லை. ஸ்பானிஷில் இரண்டுக்கும் நான்தான் எழுவாய், வினையும் நானுக்கு ஏற்றபடி மாறும். சே, சபெஸ், சபே. புவெதோ, புவெதெஸ், புவெதெ. எனக்குப் பிடிக்கும் என்பது போன்ற சிலவற்றுக்கு ஸ்பானிஷிலும் "மே குஸ்தா" என்று எனக்கு-வடிவம் வரும். அதைப் பார்த்த உற்சாகத்தில் தெரியும், முடியும் இரண்டுக்கும் மே சேர்க்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சேர்க்காதீர்கள்.

இந்த இரண்டோடு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று செர் கப்பாஸ் தெ. அகராதியில் இதற்கும் இயலும், முடியும் என்றே போட்டிருக்கும். ஆனால் பேச்சில் இது மனதின் துணிவைத் தொடும். ஒருவர் கெட்ட செய்தியோடு போய், சொல்லாமலே திரும்பிவிட்டார் என்றால் "நோ ஃபுவெ கப்பாஸ் தெ தெசீர்செலோ" என்பார்கள். நம் பேச்சில் அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. இதே இடத்தில் போதேர் போட்டால் போன் கிடைக்கவில்லை, ஆள் ஊரில் இல்லை என்பது போன்ற வெளிக் காரணத்துக்கும் இடம் வந்துவிடும். "எஸ் கப்பாஸ் தெ தோதோ" என்றால் அவன் எதற்கும் துணிந்தவன். பாராட்டாகவும் சொல்லலாம், எச்சரிக்கையாகவும் சொல்லலாம். குரல்தான் தீர்மானிக்கும்.

இன்னொன்று கொன்செகீர் அல்லது லோக்ரார். பாடுபட்டுச் சாதித்ததற்கு இது. பல தடவை எழுதித் தேர்வில் தேறியவர் "கொன்செகீ அப்ரோபார்" என்பார். தமிழில் ஒருவழியாக என்ற சொல் எங்கே தானாக வாயில் வருகிறதோ அங்கே இது பொருந்தும்.

எந்த வினையும் வேண்டாத இடம்

ஆங்கிலம் வழியே வந்தவர்களை உடனே காட்டிக்கொடுப்பது கண், காது சம்பந்தப்பட்ட வாக்கியங்கள். போனில் குரல் சரியாக விழவில்லை. ஆங்கிலத்தில் இங்கேயும் கேன் வரும். அதை மனதில் வைத்து "புவெதெஸ் ஓயிர்மே?" என்று கேட்பவர்கள் உண்டு. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஸ்பானிஷ்காரர் வெறுமனே "மே ஓயெஸ்?" என்பார். தமிழில் நாம் என்ன கேட்கிறோம்? "நான் பேசுறது கேக்குதா?" அவ்வளவுதான். கேட்க முடிகிறதா என்று யாரும் இழுப்பதில்லை.

நோ பெயோ நாதா, ஒன்றும் தெரியவில்லை. நோ என்குவெந்த்ரோ லாஸ் யாபெஸ், சாவியைக் காணோம். நோ என்தியென்தோ, புரியவில்லை. இந்த மூன்று வாக்கியத்திலும் ஸ்பானிஷில் போதேர் இல்லை, தமிழில் முடியும் இல்லை. தமிழில் யோசித்துவிட்டுப் பேசுகிறவர் இங்கே தப்பே செய்ய மாட்டார்.

மொழி தெரியுமா என்று கேட்பதும் இதே வகைதான். "ஆப்லாஸ் எஸ்பன்யோல்?" ஸ்பானிஷ் பேசுவாயா? "சபெஸ் எஸ்பன்யோல்?" என்றாலும் சரி. "புவெதெஸ் ஆப்லார் எஸ்பன்யோல்?" என்று கேட்டால், கொஞ்சம் ஸ்பானிஷில் பேசேன் என்று கேட்டுக்கொள்வதாகத்தான் எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். "புவெதெஸ் ஆப்லார்?" என்பதோ முற்றிலும் வேறு. நண்பரைப் போனில் கூப்பிட்டதும் கேட்கும் கேள்வி அது. இப்ப பேசலாமா, வேலையாக இருக்கிறாயா?

கேட்பதும் விடுவதும்

மாட்ரிட்டில் ஒரு பார். அங்கே பார் என்றால் மதுக்கடை மட்டும் இல்லை. காலையில் காபியும் ரொட்டியும் சாப்பிடும் இடமும் அதுதான், நம் ஊர் டீக்கடை இருக்கும் இடத்தை அங்கே அது பிடித்திருக்கிறது. கவுன்டரில் நின்று காபி கேட்க வேண்டும். என்ன சொல்வீர்கள்?

ஆங்கிலப் பழக்கத்தில் முதலில் வாயில் வருவது "புவெதோ தெனேர் உன் கஃபே?" நான் ஒரு காபியை உடைமையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பது போன்ற வாக்கியம் இது. காபி வந்துவிடும், ஆனால் அங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. "போத்ரீயா போனேர்மே உன் கஃபே?" என்பது ரொம்ப மரியாதை. பெரிய ஓட்டலில் பொருந்தும், தெருமுனை பாரில் கொஞ்சம் அதிகம். அங்கே இயல்பாகக் காதில் விழுவது "மே போனெஸ் உன் கஃபே?" வயதானவரிடம் என்றால் "மே போனெ." சாதாரண நிகழ்காலக் கேள்வி. நம் "ஒரு காபி தர்றீங்களா?" அதே கட்டுமானம். தர முடியுமா என்று கேட்காமலே மரியாதை வந்துவிடுகிறது, ஏனென்றால் கேள்வியாகக் கேட்டதிலேயே மரியாதை இருக்கிறது. பில் வேண்டும் என்றாலும் "மே த்ராயே லா குவென்தா?" போதும். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் போனேர் என்ற வினையை இப்படிப் பயன்படுத்துவதில்லை. அங்கே "மே தா?" என்று கேளுங்கள், தருகிறீர்களா என்று பொருள். கொலம்பியாவில் "மே ரெகாலா?" என்றும் கேட்பார்கள். ரெகாலார் என்றால் பரிசளிப்பது, ஆனாலும் காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும்.

அனுமதி கேட்பதில்தான் போதேர் அடிக்கடி வேலை செய்கிறது, அதுவும் இரண்டு உருவத்தில். "புவெதோ பாசார்?" நான் வரலாமா? "செ புவெதெ?" வரலாமா? இரண்டாவதில் ஆளே இல்லை. கதவைத் தட்டி லேசாகத் திறந்து, தலையை மட்டும் நீட்டி இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும். உள்ளேயிருந்து "அதெலான்தே" அல்லது "பாசெ" என்று பதில் வரும். நாமும் நான் என்ற சொல்லைப் போடாமல் வரலாமா என்று மட்டும்தானே கேட்கிறோம். நான் பரிந்துரைப்பது செ புவெதெ. கேட்பது நீங்களா நாலு பேரா என்று வினையை மாற்ற வேண்டிய வேலையே இல்லை. வண்டி நிறுத்தலாமா, படம் எடுக்கலாமா, கார்டில் பணம் கட்டலாமா, எல்லாவற்றுக்கும் செ புவெதெ போட்டு வினையைச் சேர்த்துவிடலாம். "செ புவெதெ பகார் கொன் தர்ஹேதா?" என்றால் கார்டு வாங்குவீர்களா என்று அர்த்தம்.

ஆள் இல்லாத இந்த வடிவத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1972இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பண்ணைத் தொழிலாளர்களின் சங்க உரிமையை முடக்கும் சட்டத்தை எதிர்த்து, ஃபீனிக்ஸ் நகரில் தொழிற்சங்கத் தலைவர் சேசர் சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தார். இங்கே இது நடக்காது, "நோ செ புவெதெ" என்று சொன்னவர்களுக்கு, அவருடன் சங்கத்தை நடத்திய தொலோரெஸ் உவெர்தா சொன்ன பதில் "ஸீ, செ புவெதெ." முடியும். அது அந்தத் தொழிலாளர்களின் முழக்கமாகி, பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயினில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டவர்களின் போராட்டங்களிலும் ஒலித்தது. 2014இல் ஸ்பெயினில் தொடங்கிய ஒரு அரசியல் கட்சி இதே வினையின் இன்னொரு வடிவத்தைப் பெயராக வைத்துக்கொண்டது. போதேமோஸ், நம்மால் முடியும். ஒன்றில் யார் என்று சொல்லாத முடியும், இன்னொன்றில் நாம் என்று உரிமை கோரும் முடியும். இந்த இரண்டு முழக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இலக்கணம் தானாகப் புரிந்துவிடும்.

செ புவெதெயை எதிர்மறை ஆக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் முடியாது வேறு, கூடாது வேறு. ஸ்பானிஷில் இரண்டுக்கும் நோ செ புவெதெ. "அகீ நோ செ புவெதெ ஃபுமார்" என்றால் இங்கே புகைக்கக் கூடாது. ஸ்பெயினில் 2011 ஜனவரி 2 முதல் பார்களிலும் உணவகங்களிலும் உள்ளே புகைக்கத் தடை இருக்கிறது. சுவரில் ஒட்டிய பலகை "ப்ரோயிபீதோ ஃபுமார்" என்று சட்டமாகப் பேசும். பரிமாறுபவர் நேரில் சொல்லும்போது நோ செ புவெதெ என்பார். யாரையும் விரல் நீட்டிச் சொல்லாத வாக்கியம் அது. நீங்களும் யாரையாவது தடுக்க வேண்டி வந்தால் இதையே சொல்லுங்கள். "நோ புவெதெஸ்" என்றால் நேராக முகத்துக்கு எதிரே சொன்னது போல இருக்கும்.

அனுமதியை மறுபக்கத்திலிருந்து, அதாவது கொடுப்பவரின் பக்கத்திலிருந்து சொல்ல இரண்டு வினைகள். பெர்மிதீர் கொஞ்சம் விறைப்பானது. அலுவலகத்துக்கும் அறிவிப்புக்கும் சரி. வீட்டுக்கும் தெருவுக்கும் தெஹார். இதன் முதல் எழுத்தைத் தயவு என்பதில் வருவது போலச் சொல்லுங்கள்.

இந்தத் தெஹார் எனக்கு மிகவும் பிடித்த வினை. நம்முடைய விடு என்ற வினையின் கூடப் பிறந்தது போலவே இருக்கும். "மி மாத்ரே நோ மே தெஹா சலீர்." அம்மா என்னை வெளியே விட மாட்டாங்க. "தெஹோ தெ ஃபுமார்." சிகரெட்டை விட்டுவிட்டார். "தேஹாமே என் பாஸ்." என்னை நிம்மதியா விடு. "தெஹே லாஸ் யாபெஸ் என் காசா." சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அனுமதிப்பது, கைவிடுவது, தொந்தரவு செய்யாமல் இருப்பது, வைத்துவிட்டு வருவது என்று நாலு பொருளுக்கும் தமிழில் ஒரே வினை, ஸ்பானிஷிலும் ஒரே வினை. ஆங்கிலம் வழியாகப் போனால் இந்த நாலுக்கும் ஒரே சொல் கிடைக்காது. "மே தெஹாஸ் எல் போலி?" என்ற ஒன்றில் மட்டும் விடு உதவாது. பேனாவைக் கொஞ்சம் தருகிறாயா என்று ஸ்பெயினில் இரவல் கேட்பது அது.

அப்புறம், கேட்காமலே வாங்கும் அனுமதி. லத்தீன் அமெரிக்காவில் கூட்டத்துக்குள் வழி கேட்டு நுழையும்போது "கொன் பெர்மீசோ" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நம் "கொஞ்சம் வழி விடுங்க" வரும் இடம். பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மழை வரலாம்

இப்போது கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம். நம் -லாம் விகுதி பல வேலைகளைத் தோளில் சுமக்கிறது. "நீங்க போகலாம்" என்றால் அனுமதி. "வாங்க போகலாம்" என்றால் அழைப்பு. "குமார் போகலாம்" என்றால் அனுமதியும் ஆகும், ஊகமும் ஆகும். அழைப்பை முதலில் கழித்துவிடுவோம், அதற்கு போதேர் வராது. போகலாமா என்றால் "பாமோஸ்?" சாப்பிடலாமா என்றால் "கொமேமோஸ்?" மிச்சம் இருப்பது ஊகம்.

ஸ்பானிஷிலும் போதேருக்கு இதே சுமை உண்டு. "ஹுவான் புவெதெ பெனீர்" என்றால் ஹுவானால் வர முடியும், ஹுவான் வரலாம் என்று அனுமதி, ஹுவான் வந்தாலும் வரக்கூடும், மூன்றும் வரும். ஊகத்தை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் ஒரு சின்ன மாற்றம். புவெதெயை முன்னே கொண்டுவந்து கே சேர்த்துவிடுங்கள். "புவெதெ கே ஹுவான் பெங்கா." இப்போது ஒரே பொருள்தான், வரக்கூடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வருகிறான் என்பதற்கான பியெனே, பெங்கா என்று மாறிவிட்டது. ஸ்பானிஷ் வினைக்கு இரண்டு முகம். நடப்பதை நடப்பதாகச் சொல்ல ஒன்று, ஐயத்திலும் ஆசையிலும் அச்சத்திலும் இருப்பதைச் சொல்ல இன்னொன்று. இரண்டாவதை சுப்ஹுந்தீபோ என்கிறார்கள். புவெதெ கே போட்டால் அடுத்த வினை இந்த இரண்டாம் முகத்தோடுதான் வர வேண்டும். மழை பெய்கிறது என்பது யுவேபே, மழை வரலாம் என்றால் "புவெதெ கே யுவேபா." கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் புரியாமல் போகாது, ஆனால் காதில் உறுத்தும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு அதனால்தான் நான் "அ லோ மெஹோர்" என்ற தொடரை முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். நம் ஒருவேளை போல வாக்கியத்தின் முன்னால் வைத்துவிடலாம், வினை பழைய முகத்தோடே இருக்கும். "அ லோ மெஹோர் யுவேபே." ஒருவேளை மழை வரும். இதற்குள் மெஹோர், அதாவது மேலானது என்ற சொல் இருக்கிறதே, நல்ல விஷயத்துக்கு மட்டும்தானா என்று கேட்பார்கள். இல்லை, கெட்டதற்கும் தாராளமாக வரும். ஒருவேளை என்றே பொருள் தரும் கிஸாஸ், தால் பெஸ் இரண்டும் நடுவில் நிற்பவை, எந்த முகத்தையும் ஏற்கும். ஐயம் கூடினால் சுப்ஹுந்தீபோ பக்கம் சாய்வார்கள். "எஸ் பொசீப்லே கே" வானிலை அறிக்கைக்கும் கடிதத்துக்கும் ஏற்ற விறைப்பான வழி, அதற்கும் சுப்ஹுந்தீபோ வேண்டும்.

நீங்கள் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதும் இங்கே முடிவை மாற்றும். ஸ்பெயினில் பேச்சில் "இகுவால் யுவேபே" என்பார்கள். இகுவால் என்றால் சமம் என்று அகராதி சொல்லும், இங்கே அது ஒருவேளை. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் அதே வேலைக்கு "கப்பாஸ்" அல்லது "கப்பாஸ் கே" வரும். மேலே துணிவுக்குப் பார்த்தோமே, அதே சொல்தான். பெருவில் "தெ ரெப்பென்தெ", கொலம்பியாவில் "தெ ப்ரோன்தோ." இந்த இரண்டும் மற்ற நாடுகளில் திடீரென்று என்று பொருள்படும். லிமாவில் ஒருவர் "தெ ரெப்பென்தெ போய்" என்றால் திடீரென்று கிளம்பிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், வந்தாலும் வருவேன் என்கிறார். எங்கேயும் செல்லுபடியாகும் ஒன்று வேண்டுமென்றால் அ லோ மெஹோரை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொள்ளாத ஊரே இல்லை.

எதிர்மறையில் சொல்லின் இடம் பொருளையே திருப்பிவிடும். "நோ புவெதெ பெனீர்", அவரால் வர முடியாது. "புவெதெ கே நோ பெங்கா", வராமல் இருக்கலாம். "நோ புவெதெ செர்!" இருக்கவே முடியாது! "புவெதெ செர்", இருக்கலாம். இந்த நோ எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்குத் தமிழ் நன்றாக உதவும். தமிழ் வாக்கியத்தில் எந்த வினையில் எதிர்மறை இருக்கிறதோ, ஸ்பானிஷில் அந்த வினைக்கு முன்னால் நோவை வையுங்கள்.

தமிழர்கள் இலவசமாகப் பெறும் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பாடப்புத்தகங்கள் கடைசியில்தான் சொல்கின்றன. கடிகாரம் இல்லாதபோது மணி என்ன என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "எட்டு மணி இருக்கும்." வருங்கால வினையை வைத்து நிகழ்காலத்தை ஊகிக்கிறோம். ஸ்பானிஷில் "செரான் லாஸ் ஓச்சோ." அச்சு அசல் அதே. அவர் எங்கே என்றால் "வீட்ல இருப்பார்", "எஸ்தாரா என் காசா." தமிழில் வருங்காலம் எங்கே ஊகமாகிறதோ அங்கே ஸ்பானிஷிலும் வருங்காலத்தைத் துணிந்து போடலாம். சுப்ஹுந்தீபோவும் வேண்டாம், ஒருவேளையும் வேண்டாம். தமிழர் ஒருவர் ஸ்பானிஷில் இதை இரண்டாம் மாதத்திலேயே பேசிவிடலாம்.

ஊகம் கொஞ்சம் உறுதியானால் தெபேர் வரும். "வீட்லதான் இருக்கணும்" என்று நாம் சொல்வது கட்டளையாகவும் இருக்கலாம், ஊகமாகவும் இருக்கலாம். ஸ்பானிஷில் வெறும் தெபேர் கடமைக்கு, தெபேர் தெ ஊகத்துக்கு. "தெபே தெ எஸ்தார் என் காசா", வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பேச்சில் பலரும் ஊகத்துக்கும் அந்தத் தெயை விட்டுவிடுகிறார்கள். 1713 முதல் மொழியைக் கவனித்துவரும் ஸ்பானிஷ் அகாதமியும் அதை ஏற்றுக்கொள்கிறது. கடமையைச் சொல்லும்போது தெ சேர்ப்பதைத்தான் தவறு என்கிறது. எழுதும்போது பிரித்தே எழுதுங்கள்.

நேற்று முடிந்ததும் முடியாததும்

கடந்தகாலத்துக்கு வந்தால் போதேருக்கு இரண்டு உருவம். புதெ, போதீயா. முதலாவது நடந்து முடிந்ததைச் சொல்லும், இரண்டாவது அப்போது இருந்த நிலையை. "நோ புதெ தொர்மீர்" என்றால் தூங்கப் பார்த்தேன், முடியவில்லை, ராத்திரி போய்விட்டது. "நோ போதீயா தொர்மீர்" என்றால் தூங்க முடியாமல் கிடந்தேன், அப்புறம் ஏதோ நடந்தது, கதை இனிமேல்தான் வரும். உடன்பாட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது. "புதெ இர்", போக முடிந்தது, போயும் விட்டேன். "போதீயா இர்", போக முடிகிற நிலையில் இருந்தேன், போனேனா இல்லையா என்று சொல்லவில்லை.

சபேருக்கும் இதே இரட்டை. சபீயா என்றால் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சூப்பெ என்றால் தெரியவந்தது. "லோ சூப்பெ அயேர்", நேற்றுதான் தெரியவந்தது. தமிழ் வந்தது என்று சேர்த்துச் சொல்லும் அந்தக் கணத்தை ஸ்பானிஷ் வினையின் உருவத்தாலேயே சொல்லிவிடுகிறது.

ஒரு குறையைச் சொல்லும்போது இவை எல்லாம் ஒன்றுகூடும். நண்பர் ஒருவர் மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கு வருகிறார். சோறு ஆறிப்போய்விட்டது. நீங்கள் சொல்வது: "போதீயாஸ் அபேர்மே அபிசாதோ." ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நம் இருக்கலாமேயில் உள்ள வருத்தம் முழுவதும் அந்தப் போதீயாஸில் இருக்கிறது. அவர் கையில் அணைந்துபோன போனைத் தூக்கிக் காட்டுகிறார். "நோ புதெ. மே கேதே சின் பதெரீயா." முடியல, சார்ஜ் தீர்ந்துபோச்சு. அவர் போதீயா என்று சொல்லவில்லை, புதெ என்று சொன்னார். சொல்லப் பார்த்திருக்கிறார். நீங்கள் சோற்றைச் சூடு பண்ணப் போகலாம்.